மூழ்கிய கண்டமும் கைவிடப்பட்ட கருதுகோளும்: அறிவியல் ஏன் மாற்றிச் சொல்கிறது?

கன்னியாகுமரிக் கடற்கரையில் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டும் பெரியவர்கள் பலர் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. "மக்களே, அந்தா தெரியுதுல்லா, அந்தப் பக்கம் முழுக்க ஒரு கண்டமே கிடந்துது. லெமூரியான்னு பேரு. வெள்ளக்கார விஞ்ஞானியே எழுதி வச்சிருக்கான்." அதே பெரியவர் மாலையில் தேநீர்க் கடையில் வேறொரு பேச்சுக்கு நடுவே இப்படியும் சொல்வார்: "இன்னைக்கு ஒண்ணு சொல்லுவான், நாளைக்கு மாத்திச் சொல்லுவான். விஞ்ஞானத்த எப்பிடி நம்ப?"

ஒன்று அறிவியலைப் போற்றும் பேச்சு, மற்றொன்று அதை ஒதுக்கும் பேச்சு என்று தோன்றலாம். இரண்டிலும் இருப்பது ஒரே பிழை. விஞ்ஞானி சொன்னார் என்பதால் ஒரு கூற்று நிற்கிறது என்று முதல் பேச்சு எண்ணுகிறது. சொன்னவரே மாற்றிக்கொண்டதால் எதுவும் நிற்காது என்று இரண்டாவது எண்ணுகிறது. ஓர் அறிவியல் கூற்றைத் தாங்கி நிற்பது அதன் கீழுள்ள காரணங்களும் சோதனைகளுமே. சொன்னவருடைய பெயருக்கு அந்த வேலை இல்லை. இதை விளக்க லெமூரியாவைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் மாவட்டத்துக்கு வாய்க்காது. ஏனென்றால் அந்தக் கண்டம் கைவிடப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று, குமரி முனைக்கு அருகே தொடங்கும் ஓர் அளவையிலிருந்தே கிடைத்தது.

தென்னந்தோப்பிலிருந்து தொடங்குவோம்

ஒரு தோப்பில் குரும்பை உதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோப்புக்காரர் தண்ணீர் போதவில்லை என்கிறார். பக்கத்துத் தோப்புக்காரரோ, "அண்ணாச்சி, தண்ணியில ஒண்ணும் இல்ல. சாம்பல் சத்து குறஞ்சா இப்பிடித்தான் உதிரும்" என்கிறார். வீட்டிலுள்ள முதியவர், யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறார்.

முதல் இரண்டு விளக்கங்களையும் சோதித்துப் பார்க்கலாம். பாதி மரங்களுக்குத் தண்ணீரைக் கூட்டி, மீதி மரங்களை முன்பு போலவே விட்டுவைத்தால், சில மாதங்களில் வேறுபாடு தெரியும் அல்லது தெரியாது. வேறுபாடு இல்லையென்றால் தண்ணீர் விளக்கம் அடிபடுகிறது. மூன்றாவது விளக்கத்தில் அந்த இடர் இல்லை. குரும்பை நின்றால் கண் விலகியது என்று சொல்லலாம்; நிற்காவிட்டால் இன்னும் விலகவில்லை என்று சொல்லலாம். எது நடந்தாலும் அந்த விளக்கம் தப்பித்துக்கொள்ளும்.

நடந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று சோதனைக்காக முன்வைக்கும் விளக்கத்தைக் கருதுகோள் என்கிறோம். தண்ணீர் குறைவு என்பது ஒரு கருதுகோள். கருதுகோளுக்கு இருந்தே ஆக வேண்டிய தகுதி ஒன்று உண்டு என்று கார்ல் பாப்பர் என்ற மெய்யியலாளர் 1934-இல் வெளியான தமது நூலில் வாதிட்டார்: எது நடந்தால் அது தவறாகிவிடும் என்று அதனால் முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். இந்தத் தகுதிக்குப் பொய்ப்பிக்கப்படும் தன்மை என்று பெயர். பெயர் ஏதோ இழிவைக் குறிப்பது போல ஒலித்தாலும் அது ஒரு பாராட்டு. தன்னைத் தோற்கடிக்கக்கூடிய சோதனை எது என்பதை மறைக்காமல் சொல்லும் விளக்கமே நேர்மையான விளக்கம்.

இங்கே இன்னொரு சொல்லையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். "அது வெறும் தியரிதானே" என்று பேச்சில் சொல்லும்போது ஊகம் என்ற பொருளில் சொல்கிறோம். அறிவியலில் கோட்பாடு என்பது தனித்தனியாகக் கிடக்கும் பல உண்மைகளை ஒரே விளக்கத்தில் இணைத்து, பலவகைச் சோதனைகளைத் தாண்டி நிற்கும் அமைப்பைக் குறிக்கும். தோப்புக்காரரின் யோசனை கருதுகோள். தாவரம் மண்ணிலிருந்து சத்துகளை எவ்வாறு எடுத்துப் பயன்படுத்துகிறது என்பதைப் பற்றிய முழு விளக்கம் கோட்பாடு. லெமூரியா முதல் வகையைச் சேர்ந்தது. ஒருபோதும் இரண்டாம் வகையை அது எட்டவில்லை.

இதுவரை பார்த்தது: கருதுகோள் என்பது சோதனைக்காக வைக்கப்படும் விளக்கம், எங்கே தோற்கும் என்று சொல்ல முடிவது அதன் தகுதி, பல சோதனைகளைக் கடந்து பல உண்மைகளை இணைப்பது கோட்பாடு.

லெமூரியா எதற்காகப் பிறந்தது?

லெமூரியாவை முன்மொழிந்தவர் தமிழரின் தொன்மையைத் தேடியவரல்லர், விலங்குகளைக் கணக்கெடுத்தவர். பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், எந்த விலங்கு உலகின் எந்தப் பகுதியில் வாழ்கிறது என்பதை வைத்து நிலப்பகுதிகளை வகைப்படுத்தியவர். மடகாஸ்கர் தீவின் பாலூட்டிகளைப் பற்றி 1864-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தீவு முழுவதும் லெமூர் என்னும் பெரிய கண்களையுடைய விலங்குகள் நிறைந்திருந்தன. அவற்றின் உறவினங்கள் அருகிலுள்ள ஆப்பிரிக்காவில் குறைவாகவும், கடல் கடந்து இந்தியாவிலும் இருந்தன. நம் தென்னாட்டுக் காடுகளில் இரவில் கிளையோடு கிளையாக ஊர்ந்து திரியும் தேவாங்கு அத்தகைய உறவினங்களுள் ஒன்று.

தேவாங்கு நீந்திக் கடல் கடக்காது. அப்படியானால் அந்த உறவு எப்படி வந்தது? இந்தியாவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவில் ஒரு காலத்தில் நிலம் இருந்திருக்க வேண்டும், பின்னர் அது கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என்று ஸ்கிளேட்டர் கருதினார். அந்த நிலத்துக்கு லெமூரின் பெயரையே சூட்டி லெமூரியா என்றார்.

அன்றைய அறிவுநிலையில் இது நியாயமான கருதுகோள். கண்டங்கள் நகரும் என்று அப்போது பெரும்பாலோர் எண்ணவில்லை. இருந்த இடத்திலேயே என்றும் இருப்பவை என்று கருதினர். பூமி சூடாக உருவாகி, குளிர்ந்து, சுருங்கி வருகிறது என்ற எண்ணமும் செல்வாக்குடன் இருந்தது. உப்பிட்டு வெயிலில் காயவைத்த நார்த்தங்காயின் தோல் சுருங்கும்போது சில இடம் மேடாகவும் சில இடம் பள்ளமாகவும் ஆவது போல, பூமியின் மேற்பரப்பிலும் சில பகுதிகள் உயர்ந்து மலையாகவும் சில பகுதிகள் அமிழ்ந்து கடலாகவும் ஆயின என்று அறிஞர்கள் பலர் கருதினர். அந்தப் படத்துக்குள் ஒரு கண்டம் மூழ்குவதில் வியப்பில்லை. உலகின் வேறு பல கடல்களிலும் இப்படி நிலப்பாலங்கள் முன்மொழியப்பட்டன.

பிறகு இந்தப் பெயர் கை மாறியது. ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், மனித இனமே லெமூரியாவில் தோன்றியிருக்கலாம் என்று ஊகித்தார். பிரம்மஞான சபையினர் அதைத் தங்கள் மறைஞான வரலாற்றுக்குள் எடுத்துக்கொண்டனர். தமிழ்நாட்டில் அது சங்க இலக்கியமும் உரைகளும் பேசும் கடல்கோளோடு இணைந்து குமரிக் கண்டமாயிற்று. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கண்டம் வளர்ந்தது. அதைத் தாங்கிய காரணம் மட்டும் வளரவில்லை. முதல் காரணம் லெமூரும் தேவாங்கும்தான் என்பதே நாளடைவில் மறந்துபோயிற்று.

குமரியிலிருந்து இமயம் வரை ஓர் அளவை

இதே நூற்றாண்டில், விலங்குகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்திய நிலப்பரப்பை அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிடலாம் என்று பள்ளியில் படிக்கும் கணக்குதான் அதன் அடிப்படை. கோணம் அளக்கும் பெருங்கருவி தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றப்பட்டபோது, 1808-இல், மோதிச் சேதமடைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைத் தம் கையால் சீர்செய்தார். வேலை தெற்கே நீண்டு குமரி முனைவரை வந்தது. ஆவணங்களில் புன்னை என்று காணப்படும், கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள ஓரிடத்தில் அதன் தென்கோடி நிலையம் அமைந்தது. லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை வடக்கே இமயத்தின் அடிவாரம்வரை கொண்டு சேர்த்தார். ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அளவைக்கோடு பெருவில் என்று அழைக்கப்பட்டது.

இந்தக் கோட்டின் வடபகுதியில் ஒரு சிக்கல் எழுந்தது. ஓரிடத்தின் அகலாங்கை, அதாவது அது நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறது என்பதை, இரண்டு வழிகளில் அறியலாம். முக்கோணங்களைத் தொடர்ந்து அளந்து வந்து கணக்கிடுவது ஒரு வழி. விண்மீன்கள் எவ்வளவு உயரத்தில் தெரிகின்றன என்று பார்ப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்கு, நேர் செங்குத்து எது என்று தெரிய வேண்டும். கொத்தனார் சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கட்டித் தொங்கவிடுவாரே, அந்தத் தூக்குக்குண்டைத்தான் அளவையாளர்களும் நம்பினார்கள். கலியான்பூர், கலியானா என்ற இரண்டு நிலையங்களுக்கு இடையே இரு வழிகளிலும் கிடைத்த விடைகள் 5.236 விகலை வேறுபட்டன. விகலை என்பது ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. தரையில் அது ஏறத்தாழ 31 மீட்டர். ஆக, சுமார் 600 கிலோமீட்டர் தொலைவுக்கு ஏறத்தாழ 160 மீட்டர் வேறுபாடு. எவரெஸ்ட் இதை அளவையில் சேர்ந்துவந்த சிறு பிழைகளின் கூட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கல்கத்தாவில் திருச்சபைப் பணியில் இருந்தவரும் கணிதம் வல்லவருமான ஜான் பிராட் வேறுவிதமாக யோசித்தார். நியூட்டனின் ஈர்ப்புக் கோட்பாட்டின்படி இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். இழுத்தால் செங்குத்து சாயும். சாய்ந்தால் விடை மாறும். எவ்வளவு மாற வேண்டும் என்று 1855-இல் அவர் கணக்கிட்டார். வந்த விடை 15.885 விகலை, கண்டறிந்த வேறுபாட்டைப் போல மூன்று மடங்கு. மலை இருக்கிறது, ஆனால் இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை.

நான் இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். கணிப்பு தவறினால் கருதுகோள் அடிபடும் என்று தென்னந்தோப்பில் பார்த்தோம். அப்படியானால் ஈர்ப்புக் கோட்பாட்டையே கைவிட்டிருக்க வேண்டுமே? யாரும் கைவிடவில்லை, அது பிடிவாதமும் அல்ல. எந்தக் கோட்பாடும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை என்று பியர் டுயெம் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1906-இல் வெளியான நூலில் விளக்கினார். கருவி சரியாக இருக்கிறது, மலையின் அடர்த்தி இவ்வளவு, மலைக்குக் கீழேயுள்ள நிலம் எல்லா இடத்தையும் போன்றதே என்று எத்தனையோ எண்ணங்கள் கூடவே வருகின்றன. முதன்மையான கூற்றோடு ஒட்டிக்கொண்டு சோதனைக்கு வரும் இவற்றைத் துணைக்கற்பிதங்கள் என்று சொல்லலாம். விடை பிசகும்போது, கட்டில் எங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். எந்த இழை என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதுச் சுவர் சாய்ந்திருந்தால் கொத்தனார் உடனே தூக்குக்குண்டைத் தூக்கி எறிவதில்லை. முதலில் அடித்தளத்தைப் பார்ப்பார்.

அந்த ஆண்டே ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் அறுந்த இழையைக் காட்டினார். மலை என்பது உறுதியான தரையின் மீது ஏற்றிவைத்த கூடுதல் சுமை என்ற எண்ணம்தான் தவறு என்றார். பூமியின் மேலோடு, தனக்குக் கீழே இருக்கும் அடர்த்தி மிக்க பொருளின் மீது மிதக்கிறது. அவரே தந்த உவமை மரத்தெப்பம். நம் கடற்கரைக்கு இதைவிட நெருக்கமான உவமை இருக்க முடியாது. நீரில் மிதக்கும் தடிகளுள் ஒன்று மற்றவற்றைவிட உயர்ந்து தெரிந்தால், அதன் அடிப்பகுதி மற்றவற்றைவிட ஆழத்தில் இருக்கிறது என்று நீருக்குள் பாராமலே சொல்லிவிடலாம். அதுபோல, உயர்ந்த மலைக்கு அடியில் லேசான பாறையாலான ஆழமான வேர் இருக்கிறது. அந்த வேர், அடர்த்தி மிக்க பொருள் இருந்திருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்வதால், மொத்த இழுப்பு குறைகிறது. இந்த மிதப்பு நிலைக்குப் புவிச்சமநிலை என்று பெயர். பிராட் பின்னர் வேறொரு வகை விளக்கத்தைத் தந்தார். அந்த வேறுபாடு நமக்கு இப்போது வேண்டியதில்லை.

இனி லெமூரியாவுக்கு வருவோம். கண்டம் என்பது லேசான, தடித்த பாறை. அதன் தடிமன் பொதுவாக 35 முதல் 40 கிலோமீட்டர். ஆழ்கடல் தளம் என்பது அடர்த்தி கூடிய எரிமலைப் பாறை. தடிமன் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். கண்டம் மிதக்கும் பொருள் என்றால், அது எப்படி மூழ்கும்? தக்கையைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்கலாம். கையை எடுத்தால் மேலே வந்துவிடும். பல ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள கண்டத்தை நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்கு அழுத்திப் பிடித்து வைத்திருக்கும் கை எது? குமரி முனையில் தொடங்கும் அளவைக்கோடு, அதன் மறுமுனையில் எழுந்த ஒரு சிறு பிசகு, அந்தப் பிசகுக்குத் தேடிய விடை, அந்த விடை குமரிக்குத் தெற்கே இருந்ததாகச் சொல்லப்பட்ட கண்டத்தின் மீது எழுப்பிய கேள்வி என்று அறிவியல் ஒரு சுற்று வந்திருக்கிறது. அளந்தவர்கள் எவருக்கும் லெமூரியாவை மறுக்கும் நோக்கம் இருந்ததில்லை. அதனாலேயே அந்தச் சான்றுக்கு எடை கூடுகிறது.

சுருக்கமாக: கணிப்பு தவறும்போது பழி கோட்பாட்டின் மீதே விழ வேண்டும் என்பதில்லை, அதனுடன் வந்த துணைக்கற்பிதம் ஒன்றின் மீது விழலாம். இமயத்தின் இழுப்பில் கண்ட குறைவு, கண்டங்கள் மிதக்கின்றன என்று காட்டியது. மிதப்பது எளிதில் மூழ்காது.

பாகம் பிரித்த வீடு

மூழ்காது என்றால், கடலின் இரு கரைகளிலும் காணும் ஒற்றுமைகளுக்கு என்ன விளக்கம்?

ஒரு பழைய ஓட்டு வீட்டை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். நடுவில் சுவர் எழும்புகிறது. தலைமுறைகள் கழித்துப் பார்க்கும் ஒருவருக்கு இரண்டு வீடுகள் தெரிகின்றன. ஆனால் ஒரே உத்தரத்தின் பாதி இங்கே, பாதி அங்கே. கதவு வேலைப்பாடும் ஒன்று. இரு வீடுகளுக்கும் நடுவே முன்பு ஒரு பாலம் இருந்து இடிந்துபோயிருக்கும் என்று அவர் நினைக்க வேண்டியதில்லை. வீடே ஒன்றாக இருந்து பிரிந்தது.

கண்டங்களும் இப்படிப் பிரிந்து நகர்ந்தவை என்று ஆல்ஃபிரட் வெகனர் 1912-இல் முன்வைத்தார். மூழ்கிய நிலப்பாலங்களுக்கு எதிராக அவர் எடுத்த வாதங்களுள் புவிச்சமநிலையும் ஒன்று. ஆனால் கண்டத்தை நகர்த்தும் விசை எது என்பதற்கு அவரால் திருப்தியான விடை தர முடியவில்லை. பெரும்பாலான புவியியலாளர்கள் ஏற்கவில்லை. அதை மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். விசை தெரியாத நகர்வை ஏற்கத் தயங்கியதற்கு நியாயம் இருந்தது. சான்று கடலடியிலிருந்து வந்தது. கடல் நடுவே உள்ள நீண்ட மலைத்தொடர்களில் புதிய பாறை உருவாகி இருபுறமும் விலகிச் செல்கிறது என்று ஹாரி ஹெஸ் 1962-இல் எழுதினார். அப்படியானால், பூமியின் காந்தத்திசை அவ்வப்போது தலைகீழாவதால், தொடரின் இருபுறமும் பாறைகளின் காந்தத்தன்மை வரிவரியாக மாறி அமைந்திருக்க வேண்டும் என்று 1963-இல் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் காட்டினர். அவர்கள் பயன்படுத்திய அளவீடுகளுள் முதன்மையானவை கார்ல்ஸ்பெர்க் தொடரிலிருந்து வந்தவை. அந்தத் தொடர் கிடப்பது நம் மேற்குக் கடலுக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில். லெமூரியா கிடந்ததாகச் சொல்லப்பட்ட அதே கடல், தன் தளம் அமிழ்ந்த கண்டம் அல்ல, புதிதாகப் பிறந்த பாறை என்று சாட்சி சொல்லியது. பூமியின் மேலோடு பெருந்துண்டுகளாகப் பிரிந்து நகர்கிறது என்னும் புவித்தட்டுக் கோட்பாடு இப்படித்தான் உறுதிபெற்றது.

பாகம் பிரித்த வீட்டின் உத்தரம் நம் காலடியிலேயே கிடக்கிறது. கன்னியாகுமரியில் சிறு பொட்டலங்களில் விற்கும் வண்ண மணலைக் கையில் கொட்டிப் பாருங்கள். கருமணலின் நடுவே செந்நிறத்தில் மின்னும் பரல்கள் கார்னெட் என்ற கனிமம். பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்த பாறைகளிலிருந்து உதிர்ந்தவை அவை. நம் மாவட்டத்துப் பாறைகள் அப்படி வெந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அதே காலத்தில் வெந்த பாறைகள் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இருக்கின்றன. அன்று இவை யாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் பகுதிகள். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. லெமூரும் தேவாங்கும் இந்தப் பிரிவால்தான் இரு பக்கமும் நின்றன என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. நிலம் பிரிந்த காலத்தில் அந்த விலங்குகளின் குடும்பமே இன்னும் தோன்றியிருக்கவில்லை. லெமூர்களின் முன்னோர் பிற்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்களிலும் செடிகொடித் திட்டுகளிலும் ஒட்டிக்கொண்டு மடகாஸ்கரை அடைந்தன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். தேவாங்கின் முன்னோர் தரைவழியாகப் பரவினர்; அவற்றின் பழைய புதைபடிவங்கள் எகிப்தில் கிடைத்துள்ளன. வீடு பிரிந்ததற்கு உத்தரம் சான்று. இரு வீட்டிலும் ஒரே சாயல் பூனை இருப்பதற்குக் காரணம், அது பிற்பாடு சுவர் ஏறி வந்தது. ஸ்கிளேட்டரின் ஒரே கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருந்தன. இரண்டுக்கும் வெவ்வேறு விடைகள் கிடைத்தன. இரண்டிலும் மூழ்கிய கண்டத்துக்கு வேலை இல்லை.

லெமூரியா பயனற்ற கருதுகோள் என்று இதற்குப் பொருளில்லை. இந்தியப் பெருங்கடலின் அடியில் கண்டப் பாறை இருக்கும் என்று அது துணிந்து சொன்னது. அங்கே துளையிட்டுப் பார்க்கும் காலம் வந்தபோது கிடைத்தது எரிமலைப் பாறை. தோற்கக்கூடிய இடத்தில் நின்று தோற்றது. அறிவியலில் அது மதிப்புக்குரிய முடிவு.

அப்படியானால் சிலப்பதிகாரம் சொல்வது?

"பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்ற வரியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி வலியோடு எழும். எனக்கும் எழுந்தது. கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் வலி குறைகிறது.

குமரிக்குத் தெற்கே ஒரு கண்டம் மூழ்கியதா என்பது ஒரு கேள்வி. குமரிக் கரையில் நிலம் கடலுக்குள் போயிருக்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை, ஆம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இலங்கைக்கு நடந்தே போகலாம். நம் மீனவர்கள் இன்று வலை வீசும் வாட்ஜ் பேங்க் திட்டின் பெரும்பகுதி அன்று வெயில் பட்ட நிலம். பனி உருகக் கடல் ஏறி வந்தது. அதற்கு மேல், ஒரே நாளில் கடல் ஊருக்குள் புகுந்து எழுந்ததை 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலும் கொட்டில்பாடும் கண்டன. கடல் நிலத்தைக் கொள்ளும் என்ற நினைவு ஒரு கரையோர மக்களின் இலக்கியத்தில் பதிவதற்கு ஒரு கண்டம் மூழ்க வேண்டியதில்லை. அந்த வரி எந்தக் கடல்கோளைச் சொல்கிறது என்பதை இலக்கிய ஆய்வும் அகழாய்வும் ஆராய வேண்டும். விலங்கியலாளரின் கண்டத்தை அதற்கு முட்டுக்கொடுக்கக் கூடாது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்துக்கும் மனித இனம் தோன்றிய சில லட்சம் ஆண்டுகளுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடக்கின்றன. ஆதிச்சநல்லூரும் கீழடியும் மண்ணைத் தோண்டி எடுத்த சான்றின் மேல் நிற்கின்றன. அவற்றுக்குக் கிடைத்த மதிப்பு அப்படிக் கிடைத்தது.

2013-இல் மொரீசியஸ் தீவின் கடற்கரை மணலில், தீவின் வயதைவிடப் பன்மடங்கு பழைய, சிர்கான் என்ற கனிமத்தின் பரல்கள் கிடைத்தன என்ற ஆய்வு வெளிவந்தபோது, "தொலைந்த கண்டம் கண்டுபிடிப்பு" என்று செய்திகள் வந்தன. நம்மில் பலர் லெமூரியா மெய்யாகிவிட்டது என்று பகிர்ந்துகொண்டோம். அந்த ஆய்வு சொன்னது இதுதான்: இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது நடுவில் இழுபட்டு மெலிந்த ஒரு சிறு கண்டத்துண்டு, பின்வந்த எரிமலைக் குழம்பின் அடியில் கிடக்கலாம். மெலிந்த தடி நீரில் தாழ்ந்து மிதக்கும் என்பதால் இது புவிச்சமநிலைக்கு முரணாகாது. ஸ்கிளேட்டரின் கண்டத்துக்கும் இதற்கும் பெயரளவிலேனும் தொடர்பில்லை.

நம் கரையில் இந்தச் சிந்தனை எதற்கு உதவும்?

1909-இல் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தை ஷோம்பெர்க் என்ற வேதியியலாளர் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அன்று எரிவாயு விளக்கின் மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. அப்படித்தான் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது. தோரியம் கதிர்வீச்சை வெளியிடும். ஆகவே இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சின் அளவு கூடுதல். அதனால் புற்றுநோய் வருமா என்ற கேள்வி இங்கே எவருக்கும் ஏட்டுக்கேள்வி அல்ல.

இதே போன்ற மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. இயற்கைக் கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடுதலாகத் தென்படவில்லை என்று அது கண்டது. இதை ஒரு தரப்பு, மணலால் எந்தத் தீங்கும் இல்லை என்று மெய்ப்பித்தாயிற்று என்கிறது. மறுதரப்பு, எல்லாம் ஏமாற்று என்கிறது. நாம் கேட்க வேண்டியது, இந்த ஆய்வு எந்தக் கேள்வியைச் சோதித்தது என்பதே. தீங்கு தென்படவில்லை என்பதும் தீங்கு இல்லை என்பதும் ஒன்றல்ல. குளத்தில் ஒருமுறை வலை வீசி மீன் அகப்படாவிட்டால் அதிகம் சொல்ல முடியாது. சிறுகண்ணி வலையைப் பலநாள் பல இடத்தில் வீசியும் அகப்படாவிட்டால் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். கருநாகப்பள்ளி ஆய்வு இரண்டாவதுக்கு நெருக்கமானது. அதை அலட்சியப்படுத்துவது தவறு. ஆனால் அது வீசிய குளம் இயற்கைக் கதிர்வீச்சும் புற்றுநோயும் மட்டுமே. மணலை அள்ளினால் கரை அரிக்குமா, கிணற்று நீர் கெடுமா, தூசு என்ன செய்யும் என்பன வேறு குளங்கள். அவற்றுக்கு அவற்றுக்குரிய வலைகளைத்தான் வீச வேண்டும்.

தேநீர்க் கடைக் கேள்வி மீதி இருக்கிறது. மாற்றிச் சொல்வதை எப்படி நம்புவது? 2017 நவம்பர் 29 காலையில் இலங்கைக்கு அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஏறத்தாழ ஒரே நாளில், 30 காலையில், ஒக்கிப் புயலாயிற்று. கடலில் நிலைமை மாறியது, அளவீடுகள் மாறின, அறிவிப்பும் மாறியது. முந்தைய நாள் சொன்னதையே மறுநாளும் சொல்லும் வானிலை அறிவிப்பை எந்தக் கடலோடியும் கேட்க விரும்பமாட்டார். மாற்றிச் சொன்ன அந்தச் செய்தி கரையிலிருந்தவர்களை எட்டியது. பல நாள் முன்பே தூத்தூர்ப் பகுதியிலிருந்து விசைப்படகுகளில் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களின் கையில், அதைக் கேட்கக்கூடிய கருவி இருக்கவில்லை.